ஆஸ்பத்திரியும் வாக்காளர் இடாப்பும்

(எமது சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பேசியது. மலர்க்குழுவினர் கேட்டதற்கிணங்க, பேசியதைப் பெரிதாக மாற்றாமல் எழுதித் தந்திருக்கிறேன்.)



மேடையில் பேசி எனக்குப் பழக்கமில்லை. ஏ.எல். சோதினையோடு என் படிப்பு நின்றுவிட்டது. இங்கே சான்ட்விச் செய்கிற தொழிற்சாலையில் இரவு வேலை. இன்றைக்கும் வேலை முடிந்து மூன்று மணித்தியாலம் படுத்துவிட்டுத்தான் வந்து நிற்கிறேன். செயலாளர் அண்ணை என்னிடம், "நீர் லூசியம் ஆஸ்பத்திரிக்காக நடந்த ஆள், இப்ப வாக்காளர் பதிவுக்கு வீடு வீடாகத் திரிகிற ஆள். இரண்டையும் பற்றிக் கொஞ்சம் கதையும்" என்றார். அவருக்கு அது இரண்டு விசயம். எனக்கு அது ஒரே விசயம். எப்படி ஒரே விசயமாய் வந்தது என்பதைச் சொல்லத்தான் எழும்பி நிற்கிறேன்.

லூசியம் கதை இங்கே இருக்கிற பெரிய ஆட்களுக்குத் தெரியும். பிள்ளைகளுக்காகவும் புதிதாக வந்தவர்களுக்காகவும் சொல்கிறேன். தென்கிழக்கு லண்டனில் வூலிச், சிட்கப், ஓப்பிங்ரன் பக்கத்து ஆஸ்பத்திரிகளை சவுத் லண்டன் ஹெல்த்கெயார் ட்ரஸ்ட் என்ற ஒரு நிர்வாகம் நடத்தி வந்தது. அதில் இரண்டு ஆஸ்பத்திரிகளைத் தனியார் முதலில் கட்டிக் கொடுத்து, அந்தக் காசை அரசாங்க நிர்வாகம் முப்பது வருடத்துக்கும் மேலாகத் தவணையில் திருப்பிக் கட்டுகிற ஒப்பந்தம். எங்கட ஆட்களுக்கு மோட்கேஜ் தெரியும், கொஞ்சம் கூடின மோட்கேஜ் என்று வைத்துக்கொள்ளுங்கோ. கிழமைக்குப் பத்து லட்சம் பவுணுக்கு மேல் நட்டம். 2012 யூலையில் அரசாங்கம் அந்த நிர்வாகத்தைக் கலைக்க ஒரு விசேட நிர்வாகியை அனுப்பியது. ஒக்டோபர் கடைசியில் அவருடைய அறிக்கை வந்தது. அதிலே, லூசியம் ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவையும் பிள்ளைப்பேற்றுப் பிரிவையும் குறைக்க வேண்டும் என்று எழுதியிருந்தது.

லூசியம் ஆஸ்பத்திரி அந்த நிர்வாகத்தைச் சேர்ந்ததே இல்லை! அது வேறு ட்ரஸ்ட். கணக்கு வழக்கு ஒழுங்காக இருந்த ஆஸ்பத்திரி. பக்கத்து வீட்டுக்காரன் கடன்பட்டதற்கு எங்கட வீட்டு அடுப்பைக் கழற்றிக்கொண்டு போகிற கதை.

நான் அப்போது கட்போர்ட்டில் ஒரு அறையில் இருந்தேன். என் கேஸ் அப்பீலில் கிடந்தது. அந்த வீட்டு அக்காவின் இரண்டு பிள்ளைகளும் லூசியத்தில் பிறந்தவை. ஒரு நாள் ஸ்ரேசன் வாசலில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி துண்டுப் பிரசுரம் கொடுத்துக்கொண்டு நின்றா. கையுறைக்கு மேல் பொலித்தீன் பை கட்டியிருந்தா, மழைக்கு. வாங்கி வாசித்துவிட்டு, எங்கட ஆட்களுக்கு இது விளங்காதே என்று நினைத்தேன். நானும் இன்னும் இரண்டு பேரும் அதைத் தமிழில் எழுதினோம். "அக்சிடென்ட் அண்ட் எமேர்ஜென்சி" என்பதற்கு என்ன எழுதுவது என்று ஒரு இரவு முழுக்க வாக்குவாதம். கடைசியில் "ஏ அண்ட் ஈ" என்றே எழுதிவிட்டோம், சனத்துக்கு அதுதான் விளங்கும். கோயில் வாசலிலும் மரக்கறிக் கடைகளிலும் கொண்டுபோய் வைத்தோம்.

நவம்பர் 24-ந் திகதி முதல் ஊர்வலம். கொட்டுகிற மழையில் ஆயிரக்கணக்கான சனம். கேஸ் நடக்கிற நேரத்தில் ஊர்வலம் கீர்வலம் என்று போகாதே என்று எனக்குப் புத்தி சொன்னவர்கள் பலர். அதைச் சொன்னவர்களைக் குறை சொல்ல மாட்டேன், ஊர்வலத்துக்குப் போனவன் வீடு திரும்பாத நாட்டிலிருந்து வந்தவர்கள் வேறு என்ன சொல்வார்கள்? 2013 சனவரி 26-ல் இரண்டாவது ஊர்வலம். ஏறத்தாழ 25,000 பேர். டொக்டர்மார், நேர்சுமார், பள்ளிக்கூடப் பிள்ளைகள், பஸ் சாரதிகள். அத்தனை பேர் நடந்தும், ஐந்து நாள் கழித்து, சனவரி 31-ல், சுகாதார அமைச்சர் ஜெரமி ஹண்ட் கொஞ்சம் மாற்றத்தோடு அந்தத் திட்டத்துக்குச் சம்மதம் கொடுத்தார்.

அதற்குப் பிறகு லூசியம் கவுன்சிலும், ஆஸ்பத்திரியைக் காக்கப் பாடுபட்ட இயக்கமும் கோட்டுக்குப் போயின. 2013 யூலை 31-ல் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி சில்பர் தீர்ப்புச் சொன்னார். ஒரு ட்ரஸ்டைக் கலைக்க அனுப்பிய நிர்வாகிக்கு இன்னொரு ட்ரஸ்டில் கை வைக்க அதிகாரம் இல்லை, அமைச்சர் தன் அதிகாரத்தை மீறிவிட்டார் என்று. அரசாங்கம் மேன்முறையீடு செய்தது. ஒக்டோபர் 29-ல் அதுவும் தள்ளுபடி. இன்றைக்கு உங்களில் யாருக்கும் இரவில் நெஞ்சு வலித்தால் லூசியத்துக்கு ஓடலாம். அந்தச் சந்தோசத்தில் எங்கட வீட்டு அக்கா பால்பொங்கல் வைத்தவ.

இவ்வளவும் எல்லோரும் சொல்கிற கதை. மிச்சக் கதையை அதிகம் பேர் சொல்வதில்லை.

கோட்டில் தோற்ற அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. அந்த நேரம் பாராளுமன்றத்தில் போய்க்கொண்டிருந்த பராமரிப்புச் சட்டமூலத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தது. கலைக்கப்படுகிற ட்ரஸ்டுக்குப் பக்கத்தில் இருக்கிற நல்ல ஆஸ்பத்திரியையும் நிர்வாகி தொடலாம் என்று அதிகாரம் கொடுக்கிற பிரிவு. 2014-ல் அது சட்டமாகிவிட்டது, 120-ஆம் பிரிவு. அதாவது, 25,000 பேர் நடந்து, சனம் தெருத்தெருவாய்க் காசு சேர்த்து, நீதிபதிகள் இரண்டு தடவை சொன்ன ஒரு விசயத்தை, பாராளுமன்றத்தில் கை தூக்கி மாற்றிவிட்டார்கள். லூசியம் தப்பியது. அடுத்த ஆஸ்பத்திரிக்கு அதே வாதத்தைக் கொண்டு கோட்டுக்குப் போக வழி இல்லாமற் போனது.

அந்தச் செய்தியை நான் வேலைத்தலத்தில் சாப்பாட்டு நேரம் ஒரு பழைய பேப்பரில்தான் வாசித்தேன். அப்போது எனக்கு வந்த கேள்வி இதுதான்: அந்தக் கையைத் தூக்கின எம்.பி.மார் யாருடைய வாக்கில் போனவர்கள்? எங்கட தெருவில் எத்தனை பேரின் பெயர் அவர்களுடைய இடாப்பில் இருக்கிறது?

லூசியம் இயக்கத்துக்குத் தலைவியாக இருந்த டொக்டர் லூயிஸ் ஏர்வின் 2015 தேர்தலில் அந்தச் சுகாதார அமைச்சரின் சொந்தத் தொகுதியிலேயே போய் எதிர்த்து நின்றா. வெல்லவில்லை. 2017-ல் திரும்ப நின்று இரண்டாம் இடத்துக்கு வந்தா. அதற்கு முதலே கிடர்மின்ஸ்ரர் என்ற ஊரில் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவை மூடினதற்காக, ஓய்வு பெற்ற டொக்டர் றிச்சர்ட் ரெயிலர் 2001-ல் கட்சி பலம் ஒன்றும் இல்லாமல் நின்று, பதவியில் இருந்த ஒரு அமைச்சரை 17,630 வாக்கால் தோற்கடித்தார். 2005-லும் வென்றார். மூடின பிரிவு பழையபடி திரும்பி வரவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அதற்குப் பிறகு ஒரு ஆஸ்பத்திரியில் கை வைக்க முதல் எந்தக் கட்சிக்காரனுக்கும் கிடர்மின்ஸ்ரர் ஞாபகம் வந்திருக்கும்.

இந்த என்.எச்.எஸ்.சும் வானத்திலிருந்து விழுந்ததல்ல. வேல்ஸ் நாட்டில் திரெடீகர் என்ற ஊரில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் தங்கட கூலியில் சில பென்னிகளைக் கழித்து ஒரு வைத்திய சங்கம் நடத்தினார்கள். அந்த ஊர்ச் சுரங்கத்தில் பதின்மூன்று வயதில் வேலைக்குப் போன அனூரின் பெவன்தான் பிறகு சுகாதார அமைச்சராகி, 1948 யூலை 5-ல் என்.எச்.எஸ்.சைத் தொடக்கினார். இங்கே பெண்களுக்கு ஆண்களோடு சமனாக வாக்கு வந்தது 1928-ல். 1945 தேர்தலில் சனம் போட்ட வாக்கில் வந்த அரசாங்கம் அது.

இப்ப எங்கட விசயத்துக்கு வருவம்.

எனக்கு 2014-ல் விசா கிடைத்தது. அடுத்த மாதமே கவுன்சிலுக்குப் பெயர் கொடுத்தேன். பிறிட்டிஷ் பாஸ்போர்ட் இல்லாமல் 2015 பொதுத் தேர்தலில் வாக்குப் போட்டேன். இதைச் சொல்கிற நேரமெல்லாம் எங்கட ஆட்கள் என்னை ஒரு மாதிரித்தான் பார்க்கிறவை. "தம்பி, சிற்றிசன் எடுக்காமல் எப்படி?" என்று. எடுக்கத் தேவையில்லை. இலங்கை பொதுநலவாய நாடு. பொதுநலவாய நாட்டுப் பிரசை ஒருவருக்கு இங்கே இருக்க அனுமதி இருந்தால், அது ஐந்து வருட அகதி விசாவோ, நிரந்தர விசாவோ, மனைவியாக வந்த விசாவோ, பதினெட்டு வயது நிரம்பியிருந்தால் பாராளுமன்றத் தேர்தல் உட்பட எல்லாத் தேர்தலிலும் வாக்கு உண்டு. கேஸ் முடியாமல், அனுமதி எதுவும் கிடைக்காமல் இருக்கிறவர்கள் பதிய முடியாது. இந்த வித்தியாசத்தை நன்றாக விளங்கிக்கொள்ளுங்கோ. அனுமதி இல்லாதவர்களைப் பதியச் சொல்லி மாட்டிவிடக் கூடாது.

வீடுகளுக்குப் போகிற நாங்கள் எட்டுப் பேர். சங்கம் பதிவு செய்யப்பட்ட தர்மஸ்தாபனம் என்றபடியால் எந்தக் கட்சிக்குப் போடுங்கோ என்று நாங்கள் சொல்லக் கூடாது, சொல்வதும் இல்லை. கதவைத் தட்டினால் முதலில் வருகிற கேள்வி, "தம்பி, நீங்கள் என்ன சேர்க்கிறியள், காசோ?" ஒரு ஞாயிறு முழுக்க ஏறி இறங்கி நாலே நாலு பேரைப் பதிந்த நாளும் உண்டு. தமிழ்ப் பள்ளிக்கூட வாசலில் நின்றால் கொஞ்சம் கூடப் பதியலாம், பிள்ளை வெளியில் வரும்வரை பெற்றோருக்கு வேறு வேலை இல்லை.

பயம்தான் பெரிய தடை. ஒரு வயதுபோன அம்மா கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு கேட்டா, "மோனை, பெயர் குடுத்தால் அது எம்பசிக்குப் போகாதோ?" அந்தக் கேள்விக்குச் சிரிக்க எனக்கு மனம் வராது. 1981-ல் மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலுக்கு முந்தின நாட்களில்தான் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. தேர்தல் என்ற சொல்லே அந்தத் தலைமுறைக்குத் தீயின் மணம். நான் அவவுக்கு இருக்கிறதை இருக்கிறபடி சொன்னேன். இடாப்பு இரண்டு வகை. முழு இடாப்பு தேர்தலுக்கும், குற்றத் தடுப்புக்கும், கடன் கேட்கிறபோது விலாசம் பார்க்கவும், யூரிக்கு ஆள் எடுக்கவும் பாவிக்கப்படுகிறது, கட்சிகளுக்கும் போகும். மற்றது திறந்த இடாப்பு, அதை யாரும் காசு கொடுத்து வாங்கலாம். படிவத்தில் ஒரு பெட்டியில் அடையாளம் இட்டால் திறந்த இடாப்பில் பெயர் வராது. உயிருக்கு உண்மையாகவே ஆபத்து இருக்கிறவர்களுக்குப் பெயர் வெளியில் தெரியாமல் பதிய வேறு வழியும் இருக்கிறது, அதற்கு அத்தாட்சி வேண்டும். அவ கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "இரு, தேத்தண்ணி போடுறன்" என்றா. அன்றைக்கு அந்த வீட்டில் மூன்று பேர் பதிந்தார்கள்.

இன்னொரு தடையை வெளிப்படையாகச் சொல்கிறேன், கோவிக்காதையுங்கோ. சில வீடுகளில் அறை எடுத்து இருக்கிற பெடியளின் பெயரைப் பதிய வீட்டுக்காரர் விடுகிறதில்லை. தனி ஆள் இருக்கிற வீடு என்று சொல்லி கவுன்சில் வரியில் நாலில் ஒரு பங்கு கழிவு எடுத்திருப்பார்கள். அந்தச் சில நூறு பவுணுக்காக ஒரு பெடியன் ஐந்து வருடம் இந்த நாட்டில் பெயரில்லாமல் இருக்கிறான். பிறகு அவன் ஒரு கைத்தொலைபேசி ஒப்பந்தம் எடுக்கப் போனால்கூட இடாப்பில் பெயர் இல்லாதது குறையாய் வந்து நிற்கிறது. உண்மையைச் சொன்னால், ஆஸ்பத்திரி, சனநாயகம் என்று கதைத்துப் பதிந்தவர்களைவிட, "மோட்கேஜுக்கு உதவும்" என்று சொன்னதும் பதிந்தவர்கள்தான் கூட. எனக்கு அதில் மனவருத்தம் இல்லை.

முந்தி வீட்டுத் தலைவர் ஒருவரே எல்லோருக்கும் நிரப்பி அனுப்பலாம். 2014-லிருந்து ஒவ்வொருவரும் தாங்களே பதிய வேண்டும். அதனால் விடுபடுகிறவர்கள் அறையில் இருக்கிற பெடியளும், வீடு மாறித் திரிகிறவர்களும், ஆங்கிலக் கடிதத்தை மேசையில் அடுக்கி வைக்கிற அம்மாமாரும்தான். சொல்லப்போனால், நாங்கள்.

இந்த வாக்கு இல்லாததால் என்ன வந்தது என்று ஒரு சம்பவம் சொல்ல வேண்டும். நான் இருந்த ஒரு வீட்டில் அடுத்த அறையில் ஒரு அண்ணை. அவருடைய அகதி வழக்கு நிராகரிக்கப்பட்டது. ஒரு மார்கழியில் வயிற்று வலி என்று மூன்று நாள் பனடோலோடு படுத்துக் கிடந்தார். ஆஸ்பத்திரிக்குப் போனால் பில் வரும், பில் வந்தால் ஹோம் ஒபிசுக்குத் தெரியும் என்ற பயம். மூன்றாம் இரவு நாங்கள் இழுத்துக்கொண்டு போனோம். உயிர் தப்பினார். பில் வந்தது, ஐயாயிரம் பவுணுக்கு மேல். அவருடைய பயம் வெறும் பயமும் இல்லை. 500 பவுணும் அதற்கு மேலும் கடன் இரண்டு மாதம் கட்டாமல் இருந்தால் ஹோம் ஒபிசுக்கு அறிவிப்பார்கள், விசா கேட்கிற நேரம் அது காரணமாய் வரலாம். 2015 சித்திரையிலிருந்து இங்கிலாந்தில் இந்தப் பில் ஒன்றரை மடங்கு. 2017 ஒக்டோபரிலிருந்து, அவசரம் இல்லாத சிகிச்சைக்குக் காசை முதலிலேயே கேட்கிறார்கள்.

அவர் அப்போது ஸ்கொட்லாந்திலோ வேல்சிலோ இருந்திருந்தால் அந்தப் பில் வந்திராது. அங்கே வழக்கு நிராகரிக்கப்பட்டவருக்கும் சிகிச்சை இலவசம். அங்கே தெரிவு செய்யப்பட்டவர்கள் வேறு விதமாக முடிவெடுத்தார்கள், அவ்வளவுதான். ஸ்கொட்லாந்தில் 2020-ல் ஒரு சட்டம் கொண்டு வந்து, இருக்க அனுமதி உள்ள எந்த நாட்டு அகதிக்கும் அங்கத்தைய பாராளுமன்றத் தேர்தலிலும் கவுன்சில் தேர்தலிலும் வாக்குக் கொடுத்தார்கள்.

விசா உள்ளவர்களும் தப்பவில்லை. 2014 குடிவரவுச் சட்டத்தால் வந்த சுகாதாரக் கட்டணம் 2015-ல் வருடத்துக்கு 200 பவுண். பிறகு 400, 624 என்று ஏறி, 2024 பெப்ரவரியில் 1,035. மனைவியை ஊரிலிருந்து எடுக்கிற ஒரு தொழிலாளி, இரண்டே முக்கால் வருட விசாவுக்கு மூன்று தரம் கட்டி 3,105 பவுண் முதலிலேயே வைக்க வேண்டும். சம்பளத்தில் வரியும் நஷனல் இன்சூரன்சும் கட்டிக்கொண்டே இதையும் கட்டுகிறான். அகதிகளுக்கு இந்தக் கட்டணம் இல்லை என்று எங்களில் சிலர் பேசாமல் இருந்தோம். எங்கட தம்பிமாரின் கல்யாணத்தில்தானே அது வந்து விழுந்தது.

ஏ.எல்.லில் வரலாறு எனக்கு ஒரு பாடம். அதில் படித்தது ஒன்று இந்த வேலைக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. 1934, 35-ல் இலங்கையில் பெரிய மலேரியா. கேகாலை, குருநாகல் பக்கம் குடும்பம் குடும்பமாய்ச் செத்தார்கள், சுமார் 80,000 பேர். சூரிய மல் இயக்கத்து இளைஞர்கள் கிராமங்களுக்குப் போய் மருந்தும் உணவும் கொடுத்தார்கள். இங்கே சுப்பர்மார்க்கெட்டில் விற்கிற மார்மைட் இருக்கிறதே, அதையும் சத்துக்காகக் குளிசையாய் உருட்டிக் கொடுத்தார்களாம். என்.எம். பெரேரா பருப்பு பங்கிட்டதால் அவரைச் சனம் "பருப்பு மாத்தயா" என்று கூப்பிட்டது. 1936 அரசாங்க சபைத் தேர்தலில் அவர் ருவான்வெல்லையில் வென்றார். 1931-லேயே வயது வந்த ஆண் பெண் எல்லோருக்கும் வாக்கு வந்திருந்ததால்தான் அது முடிந்தது.

அதே 1931 தேர்தலை யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் பகிஷ்கரிக்கச் சொன்னது. முழு சுயராச்சியம் தராத அரசியல் திட்டம் என்பது அவர்களுடைய நியாயம், அது பெரிய நியாயம்தான். ஆனால் குடாநாட்டின் நாலு ஆசனமும் 1934 வரை வெறுமையாய்க் கிடந்தன. அந்தச் சபையில் ஏழு நிர்வாகக் குழுக்கள் இருந்தன, சுகாதாரத்துக்கும் ஒன்று. ஒன்றிலும் குடாநாட்டு ஆள் இல்லை. மலையகச் சனத்துக்கோ நடந்தது வேறு. அவர்கள் பகிஷ்கரிக்கவில்லை, 1947-ல் ஏழு பேரைப் பாராளுமன்றம் அனுப்பினார்கள். 1948-ல் பிரசாவுரிமையையும் 1949-ல் வாக்கையும் அவர்களிடமிருந்து பறித்தார்கள். நாடு முழுக்க இலவச ஆஸ்பத்திரி பெருகின காலத்தில் அவர்களுக்கு வைத்தியம் பெரும்பாலும் தோட்டத் துரைமாரின் கையில் கிடந்தது.

பகிஷ்கரிப்பும் வேண்டாம், பறிக்கவும் ஒருவரும் வரவில்லை. கடிதம் வாசலில் விழுகிறது, நாங்கள் பிரிக்காமல் வைக்கிறோம்.

இனிக் கொஞ்சம் வேலை விசயம். பதிய வேண்டியது பெயர், விலாசம், பிறந்த திகதி, நஷனல் இன்சூரன்ஸ் இலக்கம், எந்த நாட்டுப் பிரசை என்பது. அகதிகள் "இலங்கை" என்றே எழுத வேண்டும், அதை மறைக்கத் தேவையில்லை, அந்த உரிமையே அதனால்தான் வருகிறது. வாக்கெடுப்புக்கு 12 வேலை நாளுக்கு முதல் பதிந்திருக்க வேண்டும். 2023-லிருந்து வாக்குச்சாவடிக்குப் படமுள்ள அடையாளப் பத்திரம் வேண்டும். இலங்கைப் பாஸ்போர்ட்டும் செல்லும், சாரதி அனுமதிப் பத்திரமும் செல்லும், அறுபது தாண்டினவர்களின் இலவசப் பிரயாண அட்டையும் செல்லும். காலம் முடிந்த பாஸ்போர்ட் என்றாலும் படத்தில் இருப்பது நீங்கள்தான் என்று தெரிந்தால் போதும். ஒன்றுமே இல்லாதவர்களுக்குக் கவுன்சில் இலவசமாக ஒரு வாக்காளர் அத்தாட்சிப் பத்திரம் கொடுக்கும், ஆறு வேலை நாளுக்கு முதல் விண்ணப்பிக்க வேண்டும். படம் பிடிக்க எங்கட தங்கச்சி ஒராள் கமராவோடு வந்திருக்கிறா.

வாக்கு இல்லாதவர்களுக்கும் ஒரு சொல்: ஜி.பி.யிடம் பதிய விசாவோ விலாச அத்தாட்சியோ காட்ட வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. திருப்பி அனுப்பினால் எங்களிடம் சொல்லுங்கோ, கூட வருவம்.

எங்கட மேசை பின்னுக்கு, தேத்தண்ணி கொடுக்கிற இடத்துக்குப் பக்கத்தில் போட்டிருக்கிறது. நான் நாலு மணி வரை அங்கேதான் இருப்பேன், பிறகு வேலைக்குப் போக வேண்டும். நான் போன பிறகு மற்றவர்கள் ஆறு மணி மட்டும் நிற்பார்கள். அடுத்த ஞாயிறு வீடுகளுக்குப் போக இன்னும் ஆட்கள் தேவை, ஏணிப்படி ஏறக்கூடிய இளம் ஆட்களாய் இருந்தால் நல்லது. பெயர் தருகிறவர்கள் சப்பாத்து நல்லதாய்ப் போட்டுக்கொண்டு வாங்கோ.